நார் மாலை, கம்பித் தோரணம்

வியர்வையில் நனைந்து காய்ந்த தாள் அது. நான்காக மடித்துச் சட்டைப்பையில் பல நாள் கிடந்திருக்கிறது. இரண்டு கைகள் அதை நகலெடுக்கும் மெஷினின் மூடிமேல் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கும் ஓரத்திலிருந்து மூலைக்குமாக உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தன. காலையிலிருந்து ஓடிய மெஷின். மூடி இன்னும் வெதுவெதுவென்று இருந்தது. அந்தச் சூட்டில் கொஞ்ச நேரம் கிடந்தால் மடிப்பு தானாகப் படியும் என்று அந்தக் கைகளுக்குத் தெரியும். படிந்ததும் ஒரு மர அடிக்கோலை எடுத்து முதல் வரிக்குக் கீழே வைத்தன. ஒரு வரியைப் படித்து முடித்தால்தான் கோல் அடுத்த வரிக்கு இறங்கும்.

“இன்னும் எவ்வளவு நேரம்க்கா படிப்பீங்க? ஒரு பக்கம்தானே?” என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த லோகேஸ்வரி.

“ஒரு பக்கம்தான். அதான் இவ்வளவு நேரம். பத்துப் பக்கம்னா சீக்கிரம் முடிச்சிருப்பேன்.”

லோகேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் அவள் கணவன் குணாளன், கட்டுப் போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, அது தன்னுடையது இல்லை என்பதுபோல வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதே சந்தின் முனையில்தான் அவனுடைய பூக்கடை. ஒரு மாதமாகப் பாதிக் கதவுதான் திறக்கிறது.

அடிக்கோல் பிடித்த கைகளுக்குச் சொந்தக்காரர் நூர் பீவி. ஐம்பத்து நான்கு வயது. ஜார்ஜ் டவுனில், சூலியா வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறார். ஒரு மெஷின், ஒரு கணினி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. நகல் எடுக்க வருகிறவர்களைவிடப் விண்ணப்பப் பாரம் எழுத வருகிறவர்கள்தான் அதிகம். பிறப்புப் பத்திரம், வீட்டு மனு, பள்ளி உதவி, ஆஸ்பத்திரி உதவி, தொழிலாளர் காப்புறுதியான சொக்சோ என்று எந்த அரசாங்கப் பாரமாக இருந்தாலும் நூர் அக்கா எழுதினால் திரும்பி வராது என்று அந்த வட்டாரத்தில் ஒரு பேச்சு.

அவருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சிம்பாங் அம்பாட்டில் பிறந்து, மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடம் நின்று, கல்யாணமாகித் தீவுக்கு வந்தவர். இதே கடையில் ஒன்பது வருஷம் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தார். பாரம் நிரப்பிக் கொண்டுபோகிறவர்கள் சிரித்துக்கொண்டு போவார்கள். சிலர் இரண்டு மாதம் கழித்து அதே பாரத்தைச் சிவப்பு முத்திரையோடு கொண்டுவந்து, மறுபடி நகல் எடுத்துத் தரச் சொல்வார்கள். நூர் பீவி அவர்களிடம் கேட்டு, பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் கறுப்பு மையால் மறைத்துவிட்டு, தனக்கென ஒரு நகல் எடுத்துக்கொள்வார். வீட்டில் ஒரு பெரிய மைலோ டின் நிறைய அப்படிச் சேர்ந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு தரையில் பரப்பி வைத்துப் பார்ப்பார். இது ஏன் திரும்பியது, இதே மாதிரி இருக்கும் அது ஏன் திரும்பவில்லை? மலாய் அகராதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே படித்தார். பழைய முதலாளி வயதாகிக் கடையை விட்டபோது, மெஷினோடு நாற்காலியையும் இவரே எடுத்துக்கொண்டார்.

அந்த டின்னின் அடியில் பெயர் மறைக்காத ஒரே ஒரு தாள் இருக்கிறது. பாலிக் புலாவில் ஜாதிக்காய் விற்ற காமாரியா என்ற அம்மாவுக்கு நூர் பீவி எழுதிக் கொடுத்த முதல் சொக்சோ பாரம். கூடையோடு வழுக்கி விழுந்த கதை. இரக்கம் வரட்டும் என்று, அந்த அம்மா அறுபது கிலோ தூக்கிக்கொண்டு போனதாக எழுதினார். கிளினிக் சீட்டில் இருபது என்று இருந்தது. விழுந்தது உண்மை, இடுப்பு உடைந்தது உண்மை, ஆனால் அந்த நாற்பது கிலோ எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. காமாரியா திட்டவில்லை. “பரவாயில்லை” என்று சொல்லிவிட்டு, பிறகு அந்தச் சந்துப் பக்கமே வரவில்லை. அன்றிலிருந்து நூர் பீவி நடக்காத எதையும் எழுதுவதில்லை. நடந்ததைக்கூட மூன்று முறை கேட்காமல் எழுதுவதில்லை.

அடிக்கோல் கடைசி வரிக்கு வந்து நின்றது.

“சரி தம்பி. இது சொக்சோ கடிதம். இது ஆஸ்பத்திரி சீட்டு. இதுல ஒரு கேள்வி இருக்கு, வேலையில இருக்கும்போது அடிபட்டுச்சான்னு. ‘இல்லை, சாமி கும்பிடப் போனபோது’ன்னு இருக்கு. யார் சொன்னது?”

“நான்தாங்க்கா.”

“பாத்தீங்களா?” என்று லோகேஸ்வரி பொரிந்தாள். “கையில ரத்தம் கொட்டுது, வேலையான்னு கேக்கறான். இந்த மனுஷன் ‘இல்ல, செம்பாயாங்’னு, சாமி கும்பிடன்னு சொல்லியிருக்கு. யாராச்சும் அப்படிச் சொல்வாங்களாலா?”

“சாமி மாலையை எடுத்துக்கிட்டுப் போய் விழுந்தேன். வேலைன்னு எப்படிச் சொல்றது?” என்றான் குணாளன், வாசலைப் பார்த்தபடியே.

தைப்பூசத்துக்கு முதல் நாள், வெள்ளி ரதம் புறப்படும் விடியற்காலை அது. ரதம் போகும் பாதையில் தண்ணீர்ப்பந்தல்கள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றில் பூ கட்டப் போன குணாளன் ஏணியோடு சரிந்தான். வலது உள்ளங்கை கிழிந்து, மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் போகும் தசைநாண்கள் அறுந்துவிட்டன. பெரியாஸ்பத்திரியில் தைத்து இணைத்தார்கள். நான்கு மாதம் கையைத் தொழிலுக்குக் கொண்டுபோகக் கூடாது, வாரம் இரண்டு நாள் விரல்பயிற்சிக்கு வரவேண்டும், அவசரப்பட்டால் அந்த இரண்டு விரலும் மடங்கியபடியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். பூத்தொடுப்பவனுக்கு அந்த இரண்டு விரல்தான் பூவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் விரல்.

“நேத்து காலையில எழுந்து பாக்கறேன்,” என்றாள் லோகேஸ்வரி. குரல் இறங்கிவிட்டது. “இந்த மனுஷன் நாரைப் பல்லுல கடிச்சிக்கிட்டு, இடது கையால கட்டிப் பாக்குது. அப்புறம் கட்டை அவுத்துட்டு வலது கையை உள்ள விடுது. கல்யாண ஆர்டர் ரெண்டு இருக்கு, பங்குனி உத்திரம் வருது. வீட்டுச் செலவுக்கு ஒரு வழி கிடைச்சா இது சும்மா உக்காரும். இல்லன்னா உக்காராதுக்கா. எனக்கு நல்லாத் தெரியும். அந்தக் கை போயிடும்.”

குணாளன் வாசலைப் பார்த்தபடியே கட்டின் ஓரத்தை இடது கையால் இழுத்துவிட்டுக்கொண்டான்.

இரண்டு வருஷத்துக்கு முன் இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் அவன் சொக்சோவின் சொந்தத் தொழில் திட்டத்தில் பெயர் பதிந்தான். தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவனுக்கு முதலாளி சம்பளத்தில் பிடித்துக் கட்டிவிடுவார். பூக்கடைக்காரனுக்கும் டாக்சிக்காரனுக்கும் பலகாரம் விற்பவளுக்கும் முதலாளி யார்? அவர்களேதான். ஆகவே அவர்களே போய், என்ன தொழில் என்று பதிந்து, இருக்கும் சில படிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வருஷத்துக்கு ஒரு முறை கட்டிவிட வேண்டும். மேல்படிக்குப் போனால் கட்டுவதும் கூடும், அடிபட்டால் வருவதும் கூடும். அன்றைக்கு குணாளன், “ஆகக் கீழ இருக்கறதைப் போடுங்கக்கா, எனக்கென்ன ஆகப்போகுது” என்றான். நூர் பீவி கணினியைத் தொடாமல் உட்கார்ந்துவிட்டார். “நீ கடைக்குப் போகாத நாள்ல வீட்டுக்கு என்ன வேணும்னு யோசிச்சுச் சொல்லு, அப்புறம் படியைப் பாக்கலாம்.” அரை மணி நேரம் யோசித்து இரண்டாம் படிக்கு வந்தார்கள். அன்றைக்கே ஒன்றையும் சொல்லியிருந்தார்: “இது காய்ச்சலுக்கு இல்ல தம்பி. தொழில் செய்யறப்போ அடிபட்டா வைத்தியம், வேலைக்குப் போக முடியாத நாளுக்கு உதவிப்பணம், கை கால் திரும்ப வர்றதுக்குப் பயிற்சி. எல்லாம் ‘தொழில் செய்யறப்போ’ங்கற ஒரு வார்த்தையிலதான் தொங்குது.”

இப்போது அந்த ஒரு வார்த்தையைத்தான் கேட்டிருந்தார்கள். லோகேஸ்வரி எழுதிப் போட்ட விண்ணப்பத்தில் பூ கட்டும்போது விழுந்தேன் என்றும், ஆஸ்பத்திரி சீட்டில் வேலை இல்லை என்றும் இருப்பதால், பதினான்கு நாளுக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும் என்று கடிதம். பதிமூன்றாம் நாளில்தான் லோகேஸ்வரி அதைக் கணவனின் சட்டைப்பையில் கண்டெடுத்து, அவனையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

“எழுதுங்கக்கா, வேலைதான்னு. மயக்கத்துல மாத்திச் சொல்லிட்டாருன்னு,” என்றாள்.

“மயங்கினியா தம்பி?”

“இல்லக்கா.”

“அப்போ அதை எழுத முடியாது.”

“அக்கா!”

“இரு லோகா. இன்னும் நான் பேனாவையே எடுக்கல.”

லோகேஸ்வரி எழுந்து போய் எதிர்க்கடையிலிருந்து மூன்று தே ஓ ஐஸ், பால் ஊற்றாத ஐஸ் தேநீர், வாங்கி வந்தாள். ஒன்றை நூர் பீவியின் முன்னால் வைத்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஐயோ, நோன்புல்ல உங்களுக்கு! மறந்தே போச்சு.”

“வாசம் பிடிச்சா நோன்பு போகாது. நீ குடி,” என்று சொல்லி நூர் பீவி அந்தக் கோப்பையை மெஷினுக்கு அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ஒருவரிடம் நடந்ததைக் கேட்பதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. முதல் தடவை அவர்கள் இஷ்டப்படி சொல்ல விடுவார். குறுக்கே பேசமாட்டார். ஆனால் அதில் ஒன்றையும் எழுதமாட்டார். பல பேரிடம் பல தடவை சொல்லிச் சொல்லிப் பழகிய கதை அது, வழவழவென்று ஆகியிருக்கும். இரண்டாம் தடவை பின்னாலிருந்து சொல்லச் சொல்வார். ஆஸ்பத்திரி, அதற்கு முன், அதற்கும் முன். அப்படிச் சொல்லும்போது ஆட்கள் தடுமாறுவார்கள். தடுமாறும் இடத்தில்தான் மறந்துபோன பொருள் ஏதாவது கிடக்கும். மூன்றாம் தடவை, கையில் என்ன இருந்தது என்பதை மட்டும் கேட்பார்.

முதல் தடவை குணாளன் இரண்டே வரியில் முடித்தான். சாமிக்குப் பூ கொண்டுபோனேன், விழுந்தேன்.

“இப்போ பின்னாலிருந்து வா. ஆம்புலன்ஸ்ல ஏத்தறதுக்கு முன்னாடி எங்க இருந்தே?”

“தரையில.”

“தரையில உன்னைச் சுத்தி என்ன கிடந்துச்சு?”

குணாளன் யோசித்தான். முதல் தடவையாக வாசலிலிருந்து கண்ணை எடுத்தான். “பூவு. மஞ்சள் செவ்வந்தி. மாவிலை. எல்லாம் என் மேலதான் கிடந்துச்சு. எவனோ மிதிச்சிட்டான், அதைப் பாத்து எனக்குக் கோவம் வந்துச்சு.”

“சாமிக்குக் கட்டின மாலை செவ்வந்தியா?”

“இல்ல. அது மல்லி. நடுவுல ரோஜா. பந்தல்ல இருக்கற வேலுக்குப் போடறது.” கொஞ்சம் நிறுத்தினான். “அதுதாங்க்கா என் நேர்த்தி. எங்க மக சுபா ஏழு மாசத்துல பிறந்தா, ஞாபகம் இருக்கா? கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்தா. அப்போ நேர்ந்துக்கிட்டேன். வருஷா வருஷம் ஒரு மாலை, என் கையால, ஒரு காசு வாங்காம. பதினோரு வருஷமாச்சு.”

“செவ்வந்தி?”

“அது முன்னாடி மூங்கில் வளைவுக்குத் தோரணம். கூ ஆண்ட்டி ஆர்டர். அவங்க வருஷா வருஷம் அந்தப் பந்தலுக்குச் செய்வாங்க.”

கூ ஆண்ட்டி என்பவர் அந்த வட்டாரத்தில் காப்பிக் கடை வைத்திருக்கும் சீன அம்மாள். தைப்பூசத்துக்குத் தேங்காய் உடைப்பதிலும் பந்தல் சோடிப்பதிலும் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

“ஆர்டர்னா உன் கடைக்கு வந்த ஆர்டர்.”

“ஆமா. ஆனா பந்தல் சாமியோடது. அன்னிக்குக் கட்டற பூவெல்லாம் சாமிக்குத்தான். எங்க பூக்கடைக்காரங்க ரதம் போற அன்னிக்கு ‘வித்துச்சு’ன்னே சொல்ல மாட்டோம். ‘சாமிக்குப் போச்சு’ம்போம். அந்த நர்ஸ் வந்து வேலையான்னு கேட்டப்போ, முருகான்னு சொல்லிக்கிட்டுப் படுத்திருக்கறவன், ஆமா வேலைன்னு எப்படிக்கா சொல்வேன்?”

நூர் பீவி அடிக்கோலை எடுத்து ஆஸ்பத்திரி சீட்டின் நடுவில் ஒரு வரிக்குக் கீழே வைத்தார்.

“கடைசியா ஒண்ணு. உன் கையைக் கிழிச்சது எது?”

“கம்பி. ஏணி சரிஞ்சதும் தோரணத்தைப் பிடிச்சேன். உள்ள கட்டுக்கம்பி ஓடுது, அது அப்படியே அறுத்துக்கிட்டு வந்துச்சு.”

“ஆமா, இங்கயும் அதான் இருக்கு. கம்பியால் ஏற்பட்ட வெட்டுக்காயம். வேலுக்குப் போட்ட மாலையிலயும் கம்பி வைப்பியா?”

குணாளன் நிமிர்ந்து உட்கார்ந்தான். யாரோ அவனைத் திட்டிவிட்டதுபோல முகம் மாறியது. “சாமி மாலையில கம்பியா? வாழைநார்தாங்க்கா. நூல்கூட வைக்க மாட்டேன். கம்பி தோரணத்துக்கு, கல்யாண மேடைக்கு, கார் சோடிக்க. சாமி கழுத்துல போய் எவனாச்சும் கம்பி போடுவானா?”

சொல்லி முடித்த பிறகு தன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். லோகேஸ்வரியும் அதைப் பார்த்தாள். மெஷினுக்கு அந்தப் பக்கம் ஐஸ் உருகிக் கோப்பை வியர்த்துக்கொண்டிருந்தது.

“நேர்த்தி மாலை அப்போ எங்க இருந்துச்சு?” என்றார் நூர் பீவி.

“அதை முதல்லயே போட்டுட்டேன். அதைப் போடாம வேற எதையும் தொட மாட்டேன். போட்டு, போட்டோ புடிச்சு லோகா போனுக்கு அனுப்பிட்டேன். சுபா எழுந்ததும் பாப்பா.”

லோகேஸ்வரி போனைத் துழாவி எடுத்தாள். படம் இருந்தது. காலை ஐந்து ஐம்பத்து இரண்டு. வேலில் வெள்ளையும் சிவப்புமாக மாலை. நூர் பீவி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தை விரலால் பெரிதாக்கி, மாலையை விட்டு ஓரத்துக்குப் போனார். பின்னால் பந்தல் வாசல் தெரிந்தது. மூங்கில் வளைவு மொட்டையாக நின்றது. அதன் காலடியில் ஏணி, இன்னும் நிமிர்த்தப்படாமல், படுத்திருந்தது.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார் மெல்ல. “உன் நேர்த்தி ஒரு சொட்டு ரத்தம் படாம முடிஞ்சு போச்சு தம்பி. நீ விழுந்தது அதுக்கப்புறம். கூ ஆண்ட்டி ஆர்டர்ல.”

லோகேஸ்வரி இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ஆனால் குணாளன் முகம் தெளியவில்லை.

“எழுதினா என்ன எழுதுவீங்க? காசுக்குப் போனேன், விழுந்தேன்னா?” அவன் குரல் தாழ்ந்தது. “அக்கா, ஆஸ்பத்திரியில சொன்னதை நான் பொய்யா சொல்லலை. இப்போ மாத்திக் கையெழுத்துப் போட்டா, அந்த மாலையும் சேர்ந்து காசுக்குன்னு ஆயிடும். சுபாவுக்காக நேர்ந்தது. அதை நான் பேப்பர்ல வித்த மாதிரி ஆயிடும். கை போனாலும் போகட்டும்.”

“பாத்தீங்களா, பாத்தீங்களா?” என்றாள் லோகேஸ்வரி. ஆனால் இந்த முறை திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த நேரம்தான் காஜா மொய்தீன் வாளியோடு வந்தார். நூர் பீவியின் கணவர். நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுகிற சமையல்காரர். மாலை அஸர் தொழுகை முடிந்து, கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டு, வீட்டுப் பங்கைத் தூக்கிக்கொண்டு வருகிறார். அவர் மேலெல்லாம் இஞ்சி பூண்டு வாசனை.

“என்ன தம்பி, முகம் இப்படி இருக்கு? எங்க வீட்டம்மா மூணாவது தடவை கேட்டுட்டாங்களா? என்னையும் அப்படித்தான் கேப்பாங்க. பசாருக்குப் போயிட்டு வந்தா பின்னாலிருந்து சொல்லணும்.”

“நீங்க அப்படிச் சொன்னாத்தான் எந்தக் காப்பிக் கடையில உக்காந்தீங்கன்னு தெரியுது,” என்றார் நூர் பீவி. பிறகு கொஞ்சம் யோசித்து, “என்னங்க, கஞ்சி காய்ச்சறதுக்குப் பள்ளிவாசல்ல உங்களுக்குக் கூலி தர்றாங்கதானே?”

காஜா மொய்தீன் முகம் சுருங்கியது. “அதை ஏன் இப்போ பேசறே? நோன்புக் கஞ்சிக்கு முன்னால நின்னுக்கிட்டு? தர்றாங்க, வாங்கறேன். அது அடுப்புக்கு முன்னால நிக்கறதுக்கு. அதுக்கு முன்னாடி ஒரு பானை நான் என் அரிசியில காய்ச்சறேனே, எங்கம்மா பேருக்கு, அதுக்கு எவன்கிட்டயாச்சும் கை நீட்டினேனா?”

“இல்லை.”

“அப்புறம்?”

“கை சுட்டா எந்தப் பானைன்னு எப்படிச் சொல்வீங்க?”

“எந்தப் பானை சுட்டுச்சோ அந்தப் பானையைச் சொல்வேன். இதென்னலா கேள்வி?” என்று வாளியை மூலையில் வைத்தார். ஒரு சின்னக் கிண்ணத்தில் கஞ்சி எடுத்து மூடி லோகேஸ்வரியிடம் கொடுத்தார். “சுபாவுக்கு. சூடு ஆறறதுக்குள்ள கொண்டு போ.”

அவர் போன பிறகு குணாளன் அந்தக் கிண்ணத்தைத் தொட்டுச் சூடு பார்த்தான்.

“ரெண்டு பானை,” என்றான்.

“ரெண்டையும் எழுதறேன் தம்பி. உன் மாலையை முதல்ல எழுதறேன். அது காசுக்கு இல்லன்னு அரசாங்கத்துக்கே தெரியட்டும். எழுதினதை உனக்கு வாசிச்சுக் காட்டறேன். ஒரு வரி உனக்கு ஒப்பலன்னாலும் கிழிச்சுப் போடுவோம்.”

அப்போதுதான் அவர் பேனாவை எடுத்தார்.

கணினியில் அடிப்பதற்கு முன் கையால் எழுதிப் பார்ப்பது அவர் வழக்கம். மலாயில், பெரிய எழுத்தில், வரிக்கு ஒரு விஷயம். முதல் பத்தியில் மாலை: பதினோரு வருஷமாக, ஊதியம் இல்லாமல், வாழைநாரில் கட்டி, காலை ஐந்து ஐம்பத்து இரண்டுக்குள் வேலுக்குச் சார்த்தி முடித்தது, படம் இணைப்பில். நேர்த்திக்கடன் என்பதற்கு மலாயில் என்ன போடுவது என்று அவர் தேட வேண்டியிருக்கவில்லை. ‘நஸர்’ என்று எழுதினார். பிள்ளை பிழைத்தால் இதைச் செய்கிறேன் என்று ஆண்டவனிடம் ஒப்புக்கொள்வதற்கு அவர் வீட்டிலும் அதே சொல்தான், படிக்கப்போகும் அதிகாரி வீட்டிலும் அதே சொல்தான். இரண்டாம் பத்தியில் தோரணம்: யார் சொன்னது, எந்தத் தேதியில் முன்பணம், கடை ரசீதின் எண் என்ன, எந்த உயரத்தில் நின்று கட்டினான், கம்பி எப்படி ஓடியது. மூன்றாம் பத்தி எழுத அதிக நேரம் ஆனது. நான்கு முறை அடித்து எழுதினார். கடைசியில் நின்றது இதுதான்: “வேலையா என்று கேட்டபோது இல்லை என்று நான் சொன்னேன். மயக்கத்திலோ பயத்திலோ சொல்லவில்லை. என் நஸர் மாலையைச் சாமிக்குப் போட்டுவிட்டு வந்த நேரம். அன்று என் கையால் கட்டும் எல்லாப் பூவையும் சாமியினுடையது என்றே நினைத்திருந்தேன். ஆனால் என் கையைக் கிழித்தது நஸர் மாலை அல்ல. அதில் கம்பி கிடையாது.”

தமிழில் சொல்லி வாசித்துக் காட்டினார். குணாளன் இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னான். மூன்றாம் தடவையும் கேட்டான்.

“உங்க வியாதி எனக்கும் தொத்திக்கிச்சு,” என்றான். அன்று முதன்முதலாகச் சிரித்தான். “ஒப்புதுக்கா.”

படத்தை இரண்டாக அச்சிட்டார் நூர் பீவி: ஒன்று முழுதாக, ஒன்று மொட்டை வளைவையும் படுத்த ஏணியையும் மட்டும் பெரிதாக்கி. போனில் கேட்ட உடனே கூ ஆண்ட்டி தன் கையெழுத்தோடு ஒரு சீட்டு அனுப்பினார்; அதோடு, குணா கையை அசைக்காமல் இருக்கிறானா என்று விசாரித்து, அசைத்தால் தானே வந்து கட்டிப்போடுவதாகவும் சொன்னார்.

மறுநாள், பதினான்காம் நாள் காலை, மூவரும் சொக்சோ அலுவலகத்தில் எண் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லோகேஸ்வரி மடியில் கோப்பு. அதை அவள் பிள்ளையைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தாள். எண் வந்தது. கவுண்டரில் இருந்தவர் ஹைருல் என்ற இளம் அதிகாரி. நூர் பீவி முதலில் நகலைத்தான் கொடுத்தார். மூலத்தில் கையெழுத்து அதிகாரிக்கு முன்னால் போட வேண்டும். அவர் படித்து, குறை ஏதாவது சொன்னால் திருத்துவதற்கு வழி இருக்கட்டும் என்று.

ஹைருல் படித்தார். முதல் பத்தியில் ஓர் இடத்தில் நின்றார். குணாளனை நிமிர்ந்து பார்த்தார்.

“நஸர்?” என்றார்.

“என் மகளுக்காக,” என்றான் குணாளன் மலாயில்.

“இப்போ எப்படி இருக்கா?”

“ஆறாம் வகுப்பு. ரொம்பப் பேசுவா.”

ஹைருல் சிரித்துவிட்டு மேலே படித்தார். படத்தில் ஏணியைத் தேடிக் கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரி சீட்டை எடுத்து, கம்பி என்றிருந்த வரியையும் விளக்கத்தின் கடைசி வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். லோகேஸ்வரியின் கை நூர் பீவியின் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

“முடிவு நான் எடுக்கறதில்லை. மேல போகும்,” என்றார் ஹைருல். “ஆனா எங்களுக்குத் தெரிய வேண்டியது இதுதான். எந்த வேலையில, எப்போன்னு. இப்போ ஒண்ணோடொண்ணு பொருந்துது. இதை வெச்சு நானே பரிந்துரை எழுதறேன். விரல்பயிற்சியை நிறுத்தாதீங்க, அந்தச் சீட்டையெல்லாம் பத்திரமா வெச்சிருங்க. கையைத் தொழிலுக்குக் கொண்டு போகாதீங்க.”

“போகமாட்டாரு,” என்றாள் லோகேஸ்வரி. குணாளன் அவளைப் பார்த்துத் தலையசைத்தான். அவளுக்கு அது போதுமாக இருந்தது. பிடித்த பிடி தளர்ந்தது.

குணாளன் இடது கையால் கையெழுத்துப் போட்டான். குழந்தை எழுத்துப்போல வந்தது. வந்தவரை சரி என்றார் ஹைருல். நூர் பீவி தாள்களை ஒழுங்குபடுத்தி, மூலைக்கு மூலை தட்டி, கோப்பில் வைத்து, ஒருமுறை உள்ளங்கையால் நீவி, அவனிடம் தந்தார்.

“நீயே குடு தம்பி. உன்னோடது.”

குணாளன் வாங்கி இடது கையால் நீட்டப் போனவன், பாதியில் நிறுத்திக்கொண்டான். ஒருவருக்கு எதையும் இடது கையால் கொடுத்து அவனுக்குப் பழக்கமில்லை. கட்டுப் போட்ட வலது கையை மெல்ல உயர்த்தினான். விரல்கள் மடங்காமல் நின்றன. அதன்மேல் கோப்பைக் கிடத்தி, இடது கையை அடியில் கொடுத்துத் தாங்கி, மாலையை நீட்டுவதுபோல நீட்டினான்.

ஹைருல் நாற்காலியிலிருந்து எழுந்து, இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார்.